பூஸ்டர் போடாமல் அமெரிக்கா போக முடியுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், வயது 67. மனைவிக்கு 63, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. டிசம்பர் இரண்டாம் வாரம் டல்லாஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஜனவரி நடுவில் அவளுக்குத் தலைப்பிரசவம். நான் கோவிஷீல்டு இரண்டு ஊசியும் பூஸ்டரும் போட்டவன். எனக்குப் பூஸ்டர் போட்டு மூன்று நாள் காய்ச்சல் அடித்ததைப் பார்த்து மனைவி இரண்டோடு நிறுத்திக்கொண்டாள். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர், மூன்று டோஸ் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்கிறார். மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் ஊசி போட்டதாகச் சான்றிதழ் வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். இருக்கிற சான்றிதழில் மனைவியின் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் என் பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கிறது. மகளோ, "கோவிட் ஊசி கிடக்கட்டும், டிடாப் போட்டுவிட்டு வாருங்கள்" என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? கோவிஷீல்டு போட்டவர்களுக்கு இரத்தம் கட்டிக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் வருவது உண்மையா? கடைசியாக ஒன்று: பிரசவ லேகியம் எடுத்துப் போகலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்:

ஐயா, மகள் சொல்வதைக் கேளுங்கள். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரிடம் டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் விமானத்தில் ஏற்றுவார்களா என்பதைப் பார்ப்போம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் விமானத்தில் அங்கே போக வேண்டுமானால் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்ற விதி 2021 நவம்பர் 8 அன்று வந்தது. 2023 மே 12 முதல் அந்த விதி இல்லை. விசிட்டர் விசாவில் போகும் உங்களிடம் இன்று சென்னையிலும் கேட்க மாட்டார்கள், இடையில் விமானம் மாறும் ஊரிலும் கேட்க மாட்டார்கள், டல்லாஸிலும் கேட்க மாட்டார்கள். இன்னொன்றும் சொல்கிறேன். அந்த விதி இருந்த காலத்திலேயே அமெரிக்கா பூஸ்டர் கேட்டதில்லை. இரண்டு கோவிஷீல்டு, இரண்டாவது போட்டு இரண்டு வாரம், அவ்வளவுதான் கணக்கு. உங்கள் வீட்டு அம்மாவிடம் இருக்கும் சான்றிதழே அன்றைக்கும் போதுமானதாக இருந்திருக்கும்.

அப்படியானால் இந்த "மூன்று டோஸ்" எங்கிருந்து வந்தது? காற்றில் வரவில்லை. 2022 செப்டம்பர் முதல் 2023 ஏப்ரல் கடைசி வரை ஜப்பான் அப்படித்தான் கேட்டது: மூன்று ஊசி போட்ட சான்று, இல்லையென்றால் புறப்படுவதற்கு முன் 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை முடிவு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 பிப்ரவரியில், முதல் இரண்டு ஊசிக்கான சான்று 270 நாள்தான் செல்லும், அதற்கு மேல் பூஸ்டர் வேண்டும் என்று வைத்தது. நாட்டுக்கு நாடு, மாதத்துக்கு மாதம் விதி மாறிய காலம் அது. டிக்கெட் போடுகிறவர்கள் ஒரு காகிதத்தில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பார்கள். பலர் அந்தக் காகிதத்தை இன்னும் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தக் குழப்பத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். 2021 ஜூன் மாதம் இங்கிலாந்தில் படிக்கப் போகிற ஒரு மாணவி அப்பாவோடு மருத்துவரான என்னிடம் வந்தாள். அப்போது கோவிஷீல்டு முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் 12 முதல் 16 வாரம் இடைவெளி. ஊசி போட்ட அட்டையை ஒரு கையிலும் விமானத் தேதியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு அப்பா விரல் விட்டு எண்ணுகிறார். எப்படி எண்ணினாலும் 84 நாள் தேறவில்லை. நல்லவேளை, அந்த மாதமே வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், டோக்கியோ ஒலிம்பிக்கிற்குப் போகிறவர்கள் 28 நாளிலேயே இரண்டாவதைப் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு விலக்கு கொடுத்தது. போட்டோம், பாஸ்போர்ட் எண்ணையும் சான்றிதழில் ஏற்றினோம். போய் இறங்கியவளைப் பத்து நாள் அறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டார்கள்! ஆக்ஸ்போர்டில் உருவான ஊசி, புனேயில் தயாரானது. அதை ஏற்கிறோம், ஆனால் இந்தியச் சான்றிதழை இன்னும் ஏற்கவில்லை என்று சொன்னது இங்கிலாந்து. பதிலுக்கு நம் அரசும் அங்கிருந்து வருகிறவர்களைப் பத்து நாள் உட்கார வைத்தது. 2021 அக்டோபர் 11 அன்றுதான் அது தீர்ந்தது. அதற்குள் நம் சான்றிதழில் வயது போட்டிருந்த இடத்தில் முழுப் பிறந்த தேதியும் வந்துவிட்டது.

இனிஷியல் கவலையும் அந்தக் காலத்து மிச்சம்தான். நம் ஊரில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ ஓர் எழுத்தாக்கி முன்னால் வைப்போம். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதிவிடுகிறோம். ஆதாரில் ஒரு மாதிரி, முகாமில் ஊசி போட்ட பெண் அவசரத்தில் தட்டியது இன்னொரு மாதிரி. அன்றைக்கு இதனால் கவுண்டரில் நின்றவர்கள் உண்டு. இன்றைக்கு உங்கள் பயணத்தில் தடுப்பூசிச் சான்றிதழை யாரும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடப் போவதில்லை. விமான டிக்கெட்டில் இருக்கும் பெயரைத்தான் ஒப்பிடுவார்கள். அதை மட்டும் இன்றே ஓர் எழுத்து விடாமல் சரிபாருங்கள். சான்றிதழை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; அங்கே ஊசி போட நேர்ந்தால், முன்பு என்ன போட்டீர்கள், எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு அது உதவும்.

மூவாயிரம் ரூபாய் சான்றிதழ் வேண்டவே வேண்டாம். தேவையில்லாத ஒன்றை, அதுவும் பொய்யாக, காசு கொடுத்து எதற்கு வாங்குவது? கோவின் சான்றிதழின் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தாலே அசலா போலியா என்று தெரிந்துவிடும். ஒருவேளை யாராவது உள்ளே புகுந்து அசல் போலவே பதிவு செய்துவிட்டால் அது இன்னும் மோசம். நாளைக்கு அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் அங்கே இருக்கும் மருத்துவர், "மூன்று போட்டிருக்கிறார்கள்" என்று நம்பித்தான் முடிவெடுப்பார்.

சரி, காகிதக் கதை முடிந்தது. இனி உடம்பு.

நீங்கள் கணக்கு ஆசிரியர் என்பதால் வாய்ப்பாட்டை வைத்தே சொல்கிறேன். முதல் ஊசி, பதினாறாம் வாய்ப்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது. இரண்டாவது, பையனை எழுப்பி ஒப்பிக்க வைப்பது. அதோடு மனதில் பதிந்துவிடும். ஆனாலும் ஒரு வருடம் தொடாமல் விட்டால் "ஏழு பதினாறு" என்றதும் மேலே பார்க்கிறான் அல்லவா? பூஸ்டர் என்பது மறுபடி ஒரு தடவை சொல்ல வைப்பது. ஊசி போட்ட சில மாதத்தில் இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்கள் குறைந்துவிடும். அதனால்தான் மூன்று போட்டவருக்கும் சளி, காய்ச்சல் வந்தது. ஆனால் நினைவு அணுக்கள் அப்படி மறைவதில்லை. நோய் நுரையீரலுக்குள் இறங்கி ஆளைச் சாய்க்காமல் தடுப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அம்மா இரண்டோடு நின்றது வீண் போகவில்லை.

கிருமிதான் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டது. நீங்கள் இருவரும் போட்டது 2020இல் பரவிய முதல் வகையை வைத்துச் செய்த ஊசி. 2021 நவம்பரில் ஒமிக்ரான் வந்தது. இன்று சுற்றுவது எல்லாம் அதன் பிள்ளையும் பேரனும். அமெரிக்காவில் இப்போது போடும் ஊசி ஒமிக்ரான் வழியில் வந்த ஜேஎன்.1 குடும்பத்தை வைத்துச் செய்தது. பழைய குப்பி எங்காவது மிச்சம் இருந்து, அதைத் தேடிப் பிடித்து மூன்றாவது என்று போட்டுக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கேயும் ஒமிக்ரானுக்கென்று புனேயில் செய்த ஜெம்கோவாக் 2023 ஜூனில் வந்தது, மூக்கில் விடும் இன்கோவாக் அதே வருடம் ஜனவரியில் வந்தது. கேட்க ஆள் இல்லாமல் போனதால் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் கோவிட் குப்பி வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதனால் இங்கே அலைய வேண்டாம்.

மூன்றா, நான்கா என்று எண்ணுவதையும் விட்டுவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2023 மார்ச்சிலேயே கணக்கை மாற்றிவிட்டது. வயதானவர்கள், சர்க்கரை போன்ற நாள்பட்ட நோய் உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோரை முதல் வரிசையில் வைத்தது. நோய் இல்லாத இளைஞருக்கு மறுபடி மறுபடி போட வேண்டிய அவசரம் இல்லை. முதல் வரிசைக்காரர்களுக்குக் கடைசி ஊசி எப்போது என்பதுதான் கேள்வி. உங்கள் இருவருக்கும் அது வருடக்கணக்கில் ஆகிவிட்டது. அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் வந்த அனுமதியின்படியும் 65 வயதைத் தாண்டியவர்களும், அதற்குக் கீழே இருந்தாலும் சர்க்கரை போன்ற நோய் உள்ளவர்களும் ஊசிக்கு உரியவர்கள். நீங்கள் வயதால், அம்மா சர்க்கரையால்.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். போய் இறங்கி, இரவும் பகலும் மாறிய அலுப்புத் தீர்ந்ததும், முதல் வாரத்திலேயே ஒரே ஒரு ஊசி. கோவிஷீல்டுக்குப் பிறகு ஃபைசரோ மாடர்னாவோ போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், கலப்பதில் தவறில்லை. டிசம்பர் 20க்குள் போட்டுவிட்டால் ஜனவரி முதல் வாரத்துக்குள் உடம்பு தயாராகிவிடும், பிரசவத்துக்கும் நாள் இருக்கும். அங்கே மருந்துக் கடையிலேயே ஊசி போடுகிறார்கள். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது, அதனால் மகளை முன்பே விசாரித்து நேரம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். காசு கையை விட்டுப் போகும், நூறு டாலருக்கு மேல். நாம் எடுக்கும் பயணக் காப்பீடு பொதுவாக நோய்க்குத்தான் பணம் தரும், தடுப்பூசிக்குத் தராது. போட வேண்டாம் என்று முடிவு செய்தாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தால் மட்டும் வேண்டாம் என்று அம்மா சொல்லக் கூடாது. உங்களுக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தது என்பதற்காக அவருக்கும் வரும் என்று எந்த வாய்ப்பாட்டிலும் இல்லை.

இப்போது மகள் சொன்ன டிடாப். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். நீங்கள் "ஏதோ சொல்கிறாள்" என்கிற தொனியில் கடந்துவிட்டீர்கள்.

அது இரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் பெரியவர்களுக்குப் போடும் ஒரே ஊசி. நமக்குக் கக்குவான் வந்தால் இரண்டு மாதம் விடாத இருமல். "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டு நடமாடுவோம். அதே கிருமி பிறந்த குழந்தைக்குப் போனால் இருமக்கூடத் தெம்பு இருக்காது, மூச்சு நின்று நின்று வரும், உதடு நீலமாகும். என் பயிற்சிக் காலத்தில் அப்படி ஒரு முப்பது நாள் குழந்தையைப் பார்த்தேன். அதன் பாட்டி மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தார், யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவில் குழந்தைக்கு இதற்கான முதல் ஊசி இரண்டாம் மாதத்தில்தான். அதுவரை அதற்கு இருப்பது தாய் கொடுக்கும் பாதுகாப்பு மட்டுமே. அதற்காகத்தான் கர்ப்பிணிக்கு 27 முதல் 36 வாரத்துக்குள் டிடாப் போடுகிறார்கள். உங்கள் மகளுக்குப் போட்டிருப்பார்கள், போடும்போதே "குழந்தையைத் தூக்கப் போகிறவர்கள் எல்லாரும் போட்டார்களா?" என்றும் கேட்டிருப்பார்கள். அங்கே குழந்தை மருத்துவர்கள் தாத்தா பாட்டியிடம் இதைக் கறாராகக் கேட்பது வழக்கம். மகள் உங்களிடம் தயங்கித் தயங்கித்தான் சொல்லியிருப்பாள்.

"போன வருடம் முள் குத்தியபோது டிடி போட்டேனே" என்று சொல்லாதீர்கள், அதில் கக்குவான் மருந்து இல்லை. டிடாப் நம் ஊர்ப் பெரிய மருந்துக் கடைகளிலும் குழந்தை மருத்துவர்களிடமும் கிடைக்கும். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் உடனே போட்டுக்கொள்ள வேண்டும்; மஞ்சள் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போனால் மருந்து கெட்டுவிடும். அதோடு ஃப்ளூ ஊசியும். நீங்கள் போய் இறங்குவது அங்கே ஃப்ளூ உச்சத்தில் இருக்கும் காலம். இந்த வருடம் வடகோள நாடுகளுக்கென்று செய்த தயாரிப்பு என்று கேட்டு வாங்குங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஃப்ளூ சில சமயம் கோவிடை விடவும் படுத்திவிடும். இரண்டையும் ஒரே நாளில் இரண்டு கையில் போட்டுக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முன்பே, எப்படியும் குழந்தையைத் தூக்குவதற்கு இரண்டு வாரமாவது முன்னால் போட்டாக வேண்டும். பயணத்துக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம். லேசாகக் காய்ச்சல் வந்தாலும் இருபது மணி நேரப் பயணம் நரகம். செலவு? இரண்டும் சேர்த்து ஓர் ஆளுக்கு ஏறக்குறைய அந்த மூவாயிரம்தான்.

நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி அம்மா இதுவரை போடவில்லையென்றால் சர்க்கரை மருத்துவரிடம் அதையும் கேளுங்கள்.

வாட்ஸ்அப் இரத்தக் கட்டிக்கு வருகிறேன். அதில் ஒரு துளி உண்மை உண்டு. கோவிஷீல்டு வகை ஊசியால் இரத்தம் உறைந்து, தட்டணுக்களும் குறையும் ஒரு கோளாறு மிக அரிதாக ஒரு சிலருக்கு வந்தது. இது 2021லேயே தெரியும். 2024இல் லண்டன் வழக்கு ஒன்றில் இந்த ஊசியின் மூல நிறுவனமான ஆஸ்ட்ராஜெனிகா அதை ஒத்துக்கொண்ட செய்தி வந்ததும் எல்லாக் குழுக்களிலும் சுற்ற ஆரம்பித்தது. ஆனால் அது வருவதாக இருந்தால் ஊசி போட்ட நான்காம் நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் வந்திருக்க வேண்டும். வருடங்கள் கழித்து வராது. உங்கள் இரத்தம் கட்டுவதற்கு உண்மையான வாய்ப்பு விமான இருக்கையில்தான் இருக்கிறது: காலைத் தொங்கப் போட்டு, தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டுமே என்று குடிக்காமல், இருபது மணி நேரம். ஓரத்து இருக்கை வாங்குங்கள், ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். முகக்கவசம் போடுவதானால் வரிசையில் நின்று ஏறி இறங்கும் நேரத்தில் தவறாமல் போடுங்கள். பறக்கும்போது விமானத்தின் காற்று வடிகட்டி நன்றாக வேலை செய்யும், நெரிசலில் நிற்கும் நேரத்தில் அந்த அளவுக்குச் செய்யாது.

அங்கே போன பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து கோவிட் என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். பாக்ஸ்லோவிட் என்ற மாத்திரையை முதல் ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பலன். விலை ஆயிரம் டாலருக்கு மேல், அதற்குத்தான் காப்பீடு. அம்மா கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். சில மாத்திரைகள் பாக்ஸ்லோவிட்டோடு ஒத்துப்போகாது. எல்லா மருந்துக்கும் மாத்திரைப் பெயரோடு, ஆங்கிலத்தில், மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டு ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

வேறு நாடுகளுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு "எந்த ஊசியும் வேண்டாம் என்று டாக்டர் எழுதிவிட்டார்" என்று கிளம்பிவிடக் கூடாது. கென்யா, உகாண்டா, நைஜீரியா, பிரேசில் பக்கம் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி உண்டு. பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட வேண்டும், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டதற்குத் தரும் மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஹஜ் போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஊசி கட்டாயம்.

லேகியம். வீட்டில் கிண்டியதா, கடையில் வாங்கியதா என்று நீங்கள் எழுதவில்லை. உலோகங்களைப் புடம் போட்டுச் செய்யும் செந்தூரம், பற்பம் சேர்ந்தது என்றால் வேண்டாம். பால் கொடுக்கிற பெண்ணுக்கு ஈயமும் பாதரசமும் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. சுக்கு, மிளகு, ஓமம், கருப்பட்டி போட்டு அம்மா கிண்டியது என்றால் எடுத்துப் போங்கள். செக்-இன் பெட்டியில் வையுங்கள், டல்லாஸ் சுங்கத்தில் "உணவுப் பொருள் இருக்கிறதா?" என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, அந்தக் கருப்பு உருண்டை என்ன என்று கேட்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்பதை மட்டும் விமானத்திலேயே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.